துவர்ப்பு அடங்கும் வரை

2014 ஏப்ரல் 16ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் பேரி ஓஃபாரெல் பதவி விலகினார். காரணம், ஒரு பாட்டில் ஒயின். 2011இல் தேர்தலில் ஜெயித்த சூட்டோடு அவர் வீட்டுக்கு அன்பளிப்பாக வந்த பாட்டில் அது. அப்படி எதுவும் தனக்கு வரவில்லை என்று ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். மறுநாளே, அவர் கைப்பட எழுதி அனுப்பிய நன்றிக் கடிதம் வெளியே வந்துவிட்டது. அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்று ஆணையம் பின்னால் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் போன நாற்காலி போனதுதான்.

அந்த பாட்டில் பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச், 1959ஆம் ஆண்டு அறுவடை. விலை சுமார் 3,000 டாலர் என்று செய்திகள் சொல்லின. ஓஃபாரெல் பிறந்ததும் 1959இல்தான். ஒயின் சரித்திரம் தெரிந்தவர்கள் அந்த ஆண்டைப் பார்த்ததும் இன்னொன்றையும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். 1959 கிரேஞ்ச், முதலாளிகள் செய்யக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட்ட பிறகு, அவர்கள் கண்ணில் படாமல் செய்து ஒளித்து வைத்த ஒயின்.

அதைச் செய்தவர் மாக்ஸ் ஷூபர்ட். 1931இல் பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, 1948இல் தலைமை ஒயின் தயாரிப்பாளர் ஆனவர். 1950ஆம் ஆண்டின் கடைசியில் கம்பெனி அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஷெர்ரி, போர்ட் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வரத்தான் அனுப்பினார்கள், ஏனென்றால் அன்றைய ஆஸ்திரேலியாவில் விற்றதில் பெரும்பகுதி ஸ்பிரிட் சேர்த்த அந்த வகைகள்தான். ஷூபர்ட் பிரான்ஸின் போர்தோவுக்கும் ஒரு நடை போனார். கிறிஸ்டியன் குரூஸ் என்ற ஒயின் வியாபாரி அங்கே அவருக்கு நாற்பது, ஐம்பது வயதான சிவப்பு ஒயின்களை ஊற்றிக் கொடுத்தார். அத்தனை வயதிலும் அவை தளராமல் நின்றதைப் பார்த்தவருக்கு, இப்படி ஒன்றை நம் ஊரிலும் செய்ய முடியாதா என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது.

போர்தோவின் முக்கிய திராட்சைகளில் ஒன்று கபர்னே சோவிஞோன். தெற்கு ஆஸ்திரேலியாவில் அப்போது அது அபூர்வம், ஷிராஸ் ஏராளம். கையில் இருந்ததை வைத்துச் சமைப்பவர்போல ஷூபர்ட் ஷிராஸை எடுத்துக்கொண்டார். 1951 அறுவடையில் அடிலெய்ட் நகரை ஒட்டிய மகில் தோட்டத்திலிருந்தும், தெற்கே மார்ஃபெட் வேலில் ஒரு தனியார் தோட்டத்திலிருந்தும் பழம் வந்தது. சாற்றைத் தோலோடு மெதுவாக நொதிக்கவிட்டு, சூட்டைக் கட்டுக்குள் வைத்து, கடைசிக் கட்டத்தில் ஐந்து புத்தம்புது அமெரிக்க ஓக் பீப்பாய்களில் ஊற்றினார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 லிட்டர். ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஒயினில் ஒரு பங்கைப் பழைய பெரிய மரத்தொட்டியிலும் விட்டுவைத்தார். 1844இல் டாக்டர் கிறிஸ்டோபர் பென்ஃபோல்டும் அவர் மனைவி மேரியும் மகிலில் குடியேறியபோது தங்கள் வீட்டுக்கு வைத்த பெயர் கிரேஞ்ச். அதையே ஒயினுக்கும் வைத்தார்கள்.

1956இல் சிட்னி தலைமை அலுவலகம் கணக்குக் கேட்டது. பணம் முடங்கிக் கிடக்கிறது, பாட்டில்கள் குவிகின்றன, ஆறு வருஷமாக என்னதான் நடக்கிறது? அது வரை செய்தவற்றை மேலதிகாரிகளுக்கும் நகரத்து ஒயின் பிரமுகர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒருவருக்குக்கூடப் பிடிக்கவில்லை. எறும்பை நசுக்கிப் போட்ட பழச்சாறு போல இருக்கிறது என்கிற அளவுக்கு விமரிசனம் போனது. 1957 அறுவடைக்கு முன்பே உற்பத்தியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

சிட்னிக்கும் மகிலுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரம் ஷூபர்ட்டுக்குக் கைகொடுத்தது. அடிலெய்டில் இருந்த கம்பெனி அதிகாரி ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் அவருக்கு உடந்தை. 1957, 1958, 1959 மூன்று அறுவடைகளிலும் சிறிய அளவில் கிரேஞ்ச் செய்யப்பட்டு மகிலின் நிலவறைச் சுரங்கங்களில் பதுங்கியது. புது ஓக் பீப்பாய் வாங்கப் பணம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும், ஆகையால் பழைய பீப்பாய்களை வைத்தே ஒப்பேற்றினார். அந்த மூன்று ஆண்டுச் சரக்கிலும் அந்த ஒரு குறை உண்டென்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். இதற்குள் ஆரம்ப கால பாட்டில்களுக்கு வயது ஏறியது. அவற்றை மறுபடி சுவைத்துப் பார்த்த நிர்வாகம் 1960 அறுவடைக்கு முன் தன் உத்தரவைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. 1962இல் சிட்னி ஒயின் போட்டியில் 1955 கிரேஞ்ச் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்த ஒரு ஆண்டு ஒயின் வாங்கிக் குவித்த தங்கப் பதக்கங்கள் ஐம்பதுக்கும் மேல்.

அந்த சிட்னிக்காரர்களை இன்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். அது நியாயமில்லை. கிளாஸில் இருந்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள். புது நெல்லைக் குத்திப் பொங்கிவிட்டு, சாதம் குழைகிறதே என்று குறைப்பட்டுக்கொள்வது மாதிரியான தீர்ப்பு அது. நாக்கு சொன்னது உண்மை, கேட்ட நேரம்தான் தப்பு.

இளம் கிரேஞ்ச் மாதிரியான ஒயினை வாயில் வைத்தால் முதலில் தாக்குவது துவர்ப்பு. ஆங்கிலத்தில் ஒயின் எழுதுபவர்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாக மெனக்கெடுவார்கள். தமிழில் அந்தச் சிரமம் இல்லை. அறுசுவையில் ஒன்றாக அதற்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். கொட்டைப்பாக்கைக் கடித்தவருக்கும், வாழைப்பூவைச் சரியாக ஆயாமல் சமைத்துத் தின்றவருக்கும் அது தெரியும். நாக்கு உலர்ந்து, கன்னத்தின் உட்புறம் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். திராட்சையின் தோல், விதை, பிறகு ஓக் மரம் எல்லாவற்றிலிருந்தும் வருகிற டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வாயில் வழுவழுப்பு போய்விடுகிறது. நாம் துவர்ப்பு என்று உணர்வது இதைத்தான்.

பாட்டிலுக்குள் ஆண்டுகள் போகப் போக இந்த டானின்கள் சும்மா இருப்பதில்லை. ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, சில உடைகின்றன, தோலிலிருந்து வந்த நிறமிகளோடு சேர்ந்து புதுச் சேர்மங்களாகின்றன. கனமானவை கரைந்திருக்க முடியாமல் அடியில் வண்டலாகப் படிகின்றன. இதனால்தான் நிறமும் மாறுகிறது. இளம் ஷிராஸுக்கு நாவல்பழத்தின் கருஊதா. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மாதுளை முத்தின் சிவப்பு. இன்னும் போனால் ஓரங்களில் செங்கல் நிறம் தட்டும். மிக முதிர்ந்ததை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்துப் பிடித்தால், விளிம்பு ஆறிப்போன கடுங்காப்பி போலப் பழுப்பாக இருக்கும். பழம்புளி வருஷம் ஏற ஏறக் கறுக்கிறது, சிவப்பு ஒயினோ வெளுக்கிறது.

வாசனையும் அப்படியே. ஆரம்பத்தில் பழம் தூக்கலாக இருக்கும். முதிர்ந்ததில் காய்ந்த அத்தி, பேரீச்சை, பதப்படுத்திய தோல், புகையிலை, காளான், மழை விழுந்த மண் என்று வேறு கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் எந்த ஒயினையும் பத்து வருஷம் போட்டு வைத்தால் இப்படி ஆகிவிடும் என்று நினைத்தால் நஷ்டம்தான். கடையில் கிடைக்கிற ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் குடிப்பதற்கென்றே செய்தது. அதைப் பொத்திப் பொத்தி வைப்பது இளநீரைப் பூட்டி வைப்பது போல. முதுமைக்குத் தாக்குப்பிடிக்க டானின் வேண்டும், புளிப்பு வேண்டும், அவை இளைக்கும்போது மிஞ்சி நிற்கிற அளவுக்குப் பழச்சத்தும் வேண்டும். புளிப்பின் பங்கைத் தெளிவாக்கியதில் ரே பெக்வித் என்ற வேதியியலாளருக்குப் பெரும் பங்கு உண்டு. 1935இல் பென்ஃபோல்ட்ஸில் சேர்ந்த அவர், ஒயினின் பி.எச். அளவைக் கட்டுக்குள் வைத்தால் பாக்டீரியாவால் கெடுவதைத் தடுக்கலாம் என்று காட்டினார். அதற்கு முன்பு பீப்பாய் பீப்பாயாக ஒயின் கெட்டுப்போவது சகஜம். ஷூபர்ட்டின் பெயர் தெரிந்த அளவுக்கு பெக்வித்தின் பெயர் வெளியே தெரியவில்லை. நூறு வயது வாழ்ந்து 2012இல் இறந்தார்.

பழச்சத்துக்கு ஒரு காரணம், கொடிகளின் வயது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்துத் தீர்த்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கும் 1870களில் வந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவை இன்று வரை அது தொடவில்லை. ஆகவே, பரோசா பள்ளத்தாக்கில் 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. பூச்சி செய்யாததை ஒரு கட்டத்தில் அரசாங்கமே செய்யப் பார்த்தது என்பதுதான் வேடிக்கை. 1980களில் திராட்சை மிதமிஞ்சிப் போனதால், கொடியைப் பிடுங்குகிறவருக்கு மாநில அரசு பணம் கொடுத்தது. எத்தனையோ பழங்கொடிகள் அப்போது வேரோடு போயின. தப்பியவற்றை வயதுவாரியாகப் பதிவு செய்ய 2009இல் பரோசாவில் ஒரு சாசனம் வந்தது. அதில் 125 வயது தாண்டிய கொடிகளுக்கு மூதாதை என்று பெயர்.

சரி, நல்ல பாட்டில் ஒன்று கிடைத்துவிட்டது. எங்கே வைப்பது?

அடிலெய்ட் நகரத்தில் 2019 ஜனவரி 24 அன்று வெப்பம் 46.6 டிகிரி. இப்படிப்பட்ட ஊரில் சமையலறை அலமாரியில் வைத்த ஒயின் ஒரு கோடைகூடத் தாங்காது. சூட்டில் வேதிவினைகள் வேகமெடுக்கும், ஆனால் நிதானமாக நடக்க வேண்டியவை தறிகெட்டு நடக்கும். பழத்தின் வாசனை வெந்த ஜாம் மாதிரி ஆகிவிடும். உள்ளே திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரமாகக் கசியும். பழைய பாட்டிலில் கழுத்தோரம் பிசுபிசுப்பு தெரிந்தால் அது எங்கோ வெயில் கண்டது என்று அர்த்தம். 12 முதல் 15 டிகிரி வரை ஒரே சீராக இருப்பது உத்தமம். 18 டிகிரியில் அசையாமல் இருப்பது, 10க்கும் 25க்குமாக ஏறி இறங்குவதைவிட எவ்வளவோ மேல். வெளிச்சம் ஆகாது. கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். ஒயின் படாமல் கார்க் காய்ந்து சுருங்கினால் காற்று உள்ளே போய்விடும். நிலத்தடி அறை இல்லாதவர்கள் ஒயினுக்கென்றே விற்கும் குளிர்பெட்டியை வாங்குகிறார்கள். அதுவும் இல்லாதவர்கள் வீட்டின் நடுவே, ஜன்னல் இல்லாத அலமாரியில், அட்டைப்பெட்டியோடு வைத்துவிட்டுச் சாமி கும்பிடுகிறார்கள்.

இனி திறப்பது. முப்பது வயதான ஒரு பரோசா ஷிராஸை வைத்துக்கொள்வோம். முதல் நாளே எடுத்து நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். படுத்திருந்தபோது பக்கவாட்டில் படிந்த வண்டல் அடியில் இறங்க ஒரு முழு நாளாவது ஆகும். மறுநாள் தூக்கும்போது ஆட்டக் கூடாது. மேலே மூடிய தகட்டை வெட்டி எடுத்தால், கார்க்கின் தலையில் கருப்பாகப் பூசணம் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஈரமான அறையில் இருந்ததற்கு அது நல்ல அடையாளம். துடைத்துவிடலாம். சாதாரணத் திருகை விட்டுத் திருகினால் முப்பது வயதுக் கார்க் மரத்தூளாக உதிரும். அதற்கென்று இரண்டு தட்டையான கம்பிகள் வைத்த ஒரு சாதனம் உண்டு. கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே இரண்டு பக்கமும் அவற்றை மாற்றி மாற்றி ஆட்டி இறக்கி, பிறகு மெல்லத் திருகியபடியே மேலே இழுக்க வேண்டும். கார்க் முழுசாக வரும். அடிப்பாகம் முழுக்க ஊறிக் கறுத்திருக்கும்.

பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியையோ டார்ச்சையோ வைத்துக்கொண்டு, வேறொரு கண்ணாடிக் குடுவையில் ஒரே மூச்சாக, நிறுத்தாமல் சாய்க்க வேண்டும். முதலில் தெளிவாக ஓடும். முக்கால் பாகம் ஆனதும் வெளிச்சத்துக்கு முன்னால் மெல்லிய புகை போல வண்டல் நெளிந்து வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். மிச்சம் இருப்பது இரண்டு விரல் உயரம். அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஊற்றினால் முழுக் குடுவையும் கலங்கி, வாயில் மண் நெருடும்.

ஊற்றியதும் மூக்கை வைத்தால் பல சமயம் ஏமாற்றம்தான். அடைத்துக் கிடந்த பழைய பெட்டியைத் திறந்தது போல ஒரு மக்கல் வாடை. பத்து நிமிஷம் பொறுத்தால் அது கலைந்து அத்தி, தோல், புகையிலை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஆனால் ஈரமான அட்டைப்பெட்டி வாடை போகாமல் நிற்குமானால் அது வேறு கதை. டி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் சேர்மம் கார்க்கில் இருந்திருக்கிறது. ஒரு லிட்டரில், ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். எத்தனை விலை கொடுத்த பாட்டிலானாலும் கொட்ட வேண்டியதுதான். இந்த ஆத்திரத்தில்தான் 2000ஆம் ஆண்டு தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குத் தயாரிப்பாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து தங்கள் ரீஸ்லிங் வெள்ளை ஒயினுக்குத் திருகுமூடி போட்டார்கள். இன்று ஆஸ்திரேலிய ஒயினில் பெரும்பகுதி திருகுமூடியில்தான் வருகிறது. கிரேஞ்ச் இன்னும் கார்க்கை விடவில்லை.

ஷிராஸில் சிலருக்கு மிளகு வாசனை தெரியும். அது கற்பனை இல்லை. ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வுக் கழகத்தின் விஞ்ஞானிகள் 2008இல் அதன் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் ஷிராஸிலும் நம் அஞ்சறைப் பெட்டி மிளகிலும் அந்த வாசனையைத் தருகிறது. வேடிக்கை என்னவென்றால், சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை அறவே தெரியவில்லை. ஒரே மேஜையில் ஒருவர் மிளகு என்கிறார், இன்னொருவர் எங்கே என்று கேட்கிறார் என்றால் இருவருமே பொய் சொல்லவில்லை.

இன்னொரு வாசனை தமிழர்களுக்கு முதல் மோப்பத்திலேயே பிடிபட்டுவிடும். ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்கள் சிலவற்றில் நீலகிரித் தைலம் மணக்கும். தோட்டத்து ஓரத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் இலையும் எண்ணெய்ப் பசையும் பழத்தோடு கலந்துவிடுவதால் வருவது. மரத்துக்கு அருகே உள்ள வரிசைகளில் அது தூக்கலாக இருக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். ஊட்டி மலையில் நிற்கிற யூகலிப்டஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டதுதானே.

வாயில் வைத்தால் மேலே சொன்ன துவர்ப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இருக்கும், ஆனால் பாக்கின் கடி போய், ஆறின தேநீரின் கடைசி மடக்கு அளவுக்கு மெலிந்திருக்கும். புளிப்பு மட்டும் நிமிர்ந்து நின்று நாக்கில் எச்சில் ஊற வைக்கும். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் குடித்து முடிப்பது நல்லது. முப்பது வருஷம் காற்றைச் சொட்டுச் சொட்டாகக் கண்டது, திறந்த வெளியில் சீக்கிரமே துவண்டுவிடும். அறை வெப்பத்தில் பரிமாறுங்கள் என்ற பழைய வாக்கியம் ஐரோப்பியக் குளிர் வீடுகளைப் பார்த்து எழுதியது. 16 முதல் 18 டிகிரி போதும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய கிரேஞ்ச் அறுவடையாகி நாலைந்து ஆண்டு கழித்துக் கடைக்கு வரும்போதே ஆயிரம் ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி நிற்கிறது. 1951 கிரேஞ்ச் பாட்டில் ஒன்று 2021இல் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதை வாங்கியவர் திறந்து குடிப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. குடிப்பதற்காகவே சேர்ப்பவர்கள் வேறு பக்கம் போவார்கள். கிரேஞ்ச் இருந்த பீப்பாய்களில் சிலவற்றிலேயே பக்குவப்படும், பென்ஃபோல்ட்ஸின் பின் 389 என்ற ஒயினுக்கு ஏழையின் கிரேஞ்ச் என்று பட்டப்பெயர் உண்டு. அதன் விலையைப் பார்த்தால் எந்த ஊர் ஏழை என்று கேட்கத் தோன்றும். தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனவாரா வட்டாரச் செம்மண்ணில் விளையும், வின்ஸ் கம்பெனியின் பிளாக் லேபல் கபர்னே 1954 முதல் வருவது, அதைவிட மலிவு, பதினைந்து இருபது ஆண்டுகள் தாராளமாகத் தாங்கும். காசுக்கு ஏற்ற பண்டம் என்று கேட்டால் பலரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

பழைய பாட்டில் வைத்திருப்பவர்களின் பயமெல்லாம் கார்க்கைப் பற்றித்தான். படுத்த படுக்கையாக இருந்தாலும் வருஷக்கணக்கில் ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, மட்டம் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும். இறங்கிய இடத்தில் காற்று நிற்கும். இதற்காக பென்ஃபோல்ட்ஸ் 1991இலிருந்து பாட்டில்களுக்கு வைத்திய முகாம் மாதிரி ஒன்று நடத்துகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட தங்கள் சிவப்பு ஒயினை யார் வேண்டுமானாலும் எடுத்து வரலாம். துணியில் சுற்றி, மடியில் வைத்து, குழந்தையைத் தூக்கி வருவது போல வருகிறார்கள். மட்டம் நன்றாக இருந்தால் திறக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இறங்கியிருந்தால் உரிமையாளர் கண்ணெதிரில் கார்க்கை எடுத்து, ஒயின் தயாரிப்பாளர் துளி ஊற்றிச் சுவைத்துப் பார்ப்பார். உரிமையாளருக்கும் ஒரு வாய் உண்டு.

தேறினால் அதே ஒயினின் புதிய ஆண்டுச் சரக்கைச் சிறிது ஊற்றி மட்டத்தை நிரப்பி, புதுக் கார்க் அடித்து, பின்பக்கம் கையெழுத்திட்ட சான்றுச் சீட்டு ஒட்டித் தருவார்கள். தேறாவிட்டால் நிரப்புவதும் இல்லை, சீட்டும் இல்லை. வெறும் கார்க்கை அடித்து, சீக்கிரம் குடித்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த பாட்டிலை இனி நிலவறைக்கு எடுத்துப்போய் என்ன செய்வது, அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜைக்குத்தான் போகும்.